ஒரு கையால் அவிழும் முடிச்சு

“அம்மா, தெரிஞ்ச ஆக்களெண்டால் நீங்கள் ரூமை விட்டு வெளியில போகோணும். ஜீசஸுக்கு எல்லாரையும் தெரியும்தானே? அப்ப கடைசி நாளில எங்களை ஜட்ஜ் பண்ணேக்க அவர் எங்க போய் நிப்பார்?”

டிலக்சி இதைக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய தாய் பற்றிமா நகரசபைக்குத் தெரிவாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூட்டங்களை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம். முதல்நாள் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர், தன் மைத்துனரின் கடை பற்றிய விஷயம் வந்ததும், எழுந்து உறவைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனார். விஷயம் முடிந்தபின் யாரோ போய் அவரைக் கூட்டிவந்தார்கள். தகப்பனுடன் சோபாவில் இருந்து பார்த்த டிலக்சிக்கு அது ஒளித்துப் பிடிக்கும் விளையாட்டுப் போல இருந்திருக்க வேண்டும்.

பற்றிமா குசினியில் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தாள். “அதை ஃபாதரிட்டக் கேள்” என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து கேட்டார்கள். ஃபாதர் தலையைச் சொறிந்தார். “உதை நான் ஆயரிட்டத்தான் கேக்கோணும் பிள்ளை” என்று சிரித்தார். ஆயர்வரை அது போனதா என்று தெரியாது. கேள்வி மட்டும் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது, யாரும் கூப்பிடாமல் வந்து படுத்துக்கொள்ளும் பூனையைப் போல.

நாலு வருஷம் கழித்து, ஒரு வசந்தகாலத்தில், அந்தப் பூனை எழுந்து பற்றிமாவின் காலைச் சுற்றியது. நொயலின் தேத்தண்ணி வண்டி விஷயம் சபைக்கு வந்த நாட்கள் அவை.

நொயல் மன்னாரில் பேசாலை என்ற மீனவ ஊர்க்காரர். அறுபதைத் தாண்டியவர். புலம்பெயர்ந்து வந்து, பற்றிமாவின் நகரசபைக்குள் வரும் கிரவீனில் ஒரு பூங்காவின் ஓரமாக மாலைகளில் வண்டியை நிறுத்தித் தேத்தண்ணியும் மீன்கறி அடைத்த மாலுபணிசும் கொத்துரொட்டியும் விற்றார். ரயிலால் இறங்கி வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். நகரசபை முதலில் ஆறு மாதத்துக்குத்தான் அனுமதி கொடுத்தது. அது முடிந்து அவர் நீண்டகால அனுமதி கேட்டபோது எதிர் வீதியிலிருந்து ஆட்சேபனைகள் வந்தன. அதனால் அதிகாரிகள் தாங்களே முடிவெடுக்காமல் கவுன்சிலர்களிடம் விட்டுவிட்டார்கள்.

இரண்டு பக்கத்தையும் நேரில் கேட்காமல் பற்றிமா எதற்கும் கை தூக்குவதில்லை. அப்படி ஒரு பழக்கத்தை வைத்திருந்தாள். இரவுச் செபத்தில் வீட்டாருக்காகவும் நோயாளிகளுக்காகவும் மன்றாடியபின், “நாளைக்கும் என்ர காதைத் திறந்து வையும் ஆண்டவரே” என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வாள். அதனால் முதலில், ஆட்சேபனை எழுதிய மகேந்திரராஜா வீட்டுக்குப் போனாள்.

ஓய்வுபெற்ற நில அளவையாளர் அவர். முன்னறையில் கதிரையை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து இருந்து பேசினார்.

“ஒண்டு, கார் விட இடமில்லை. மற்றது, எண்ணெய் மணம். யன்னல் திறக்கேலாது. நான் எல்லாம் எழுதியிருக்கிறன்.”

“வாசிச்சனான் அங்கிள். வேற ஏதும்?”

“வேற என்ன? ஒண்டுமில்லை.”

அப்போது பூங்காப் பக்கமிருந்து கொத்துப் போடும் சத்தம் எழுந்தது. இரண்டு தகடுகள் இரும்புத் தட்டில் விழுகிற சத்தம். டக் டக் டக டக. அந்த நேரம் உள்ளறைக் கதவு திறந்தது. மெலிந்த ஒரு அம்மா, மகேந்திரராஜாவின் மனைவி விமலாதேவி, வந்து திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார். பிறகு கணவரின் தோளைத் தொட்டார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வாங்கோ, பங்கருக்குள்ள போவம். இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

மகேந்திரராஜா நிலத்தைப் பார்த்தார். விமலாதேவி காத்திருக்கவில்லை. பற்றிமாவின் கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே கூட்டிப்போனார். பற்றிமா கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு அவரோடு மண்டியிட்டு உள்ளே போய் இருந்தாள். மேசைவிரிப்பு நாலு பக்கமும் தொங்கியது. அதன் பூக்களூடாக மாலை வெயில் பச்சையும் மஞ்சளுமாக வந்து விழுந்தது. கிணற்றுக்கு அடியில் இருந்து மேலே பார்ப்பது போல் இருந்தது.

“பயப்பிடாத பிள்ளை. கொஞ்சத்தில நிப்பாட்டுவாங்கள்.”

“ஓம் அன்ரி.”

“சாமியைக் கும்பிடு.”

விமலாதேவி “முருகா முருகா” என்று முணுமுணுத்தார். பற்றிமா சட்டைப் பைக்குள் இருந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் ஒரே துணி வெளிச்சத்தில் தோளோடு தோள் சாய்ந்து இருந்தார்கள். சத்தம் ஓய்ந்தபோது விமலாதேவி தன் சேலைத் தலைப்பால் பற்றிமாவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, “இனி நீ வீட்ட போகலாம்” என்றார்.

வாசலில் மகேந்திரராஜா குரலைத் தாழ்த்தினார். “ஒரு வருஷமா ஞாபகம் பிசகுது. நாங்கள் சண்டையின்ர கடைசிவரைக்கும் வன்னியில இருந்தனாங்கள். இப்ப அவவுக்கு இது எந்த ஊர் எண்டும் சில நேரம் தெரியாது.”

“இதை ஏன் அங்கிள் எழுதேல்லை?”

“எழுதி எல்லாரும் வாசிக்கவோ? பிறகு கோயில்ல ஆக்கள் அவவை ஒரு மாதிரிப் பாப்பினம்.”

“கார், எண்ணெய் எண்டால் கேட்டுப்போட்டு விட்டிடுவினம். உள்ளதை வந்து சொல்லுங்கோ. சபையில இருக்கிறதும் மனுசர்தானே.”

அவர் கேற்றுவரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கவுன்சிலர்கள் இடத்தைப் பார்க்கப் போனார்கள். மேயரும் வந்திருந்தார். அவருக்கு இந்த வண்டியில் விருப்பமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பூங்கா பூங்காவாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பற்றிமாவோடு சேர்ந்து நடந்தவன் விவேக். குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் மதுரைக்காரன், கணினி வேலை, முதல் தடவை கவுன்சிலர், எதையும் சிரித்துப் பேசுகிறவன்.

நொயல் வண்டிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். “வாங்கோ, வாங்கோ. எல்லாரும் ஒவ்வொரு தேத்தண்ணி குடியுங்கோ.”

“குடிச்சா அன்பளிப்புன்னு கணக்குல எழுதி வைக்கணுமே அங்கிள்” என்றான் விவேக். “ஒரு பக்கோடாவும் சேர்த்துக் கொடுத்தீங்கன்னா ஊழல்லயே சேத்துருவாங்க.”

“பக்கோடா இல்லைத் தம்பி. மாலுபணிஸ்தான்.”

“அப்ப அது வேற சட்டம்.”

நொயல் வாய்விட்டுச் சிரித்தார். பற்றிமா தண்ணீர்ப் போத்தலைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தாள். வண்டியின் பக்கத்தில் சோக்கால் எழுதிய பலகை தொங்கியது. நேரங்கள் எழுதி, கீழே ‘ஞாயிறு பூட்டு’ என்று இருந்தது.

“ஞாயித்துக்கிழமைதானே அங்கிள் பார்க்ல கூட்டம்? அன்னைக்குப் போய் மூடி வெச்சிருக்கீங்க?”

“ஞாயிறு எனக்கு வேற அலுவல்.”

“சர்ச்சா?”

“பூசை காலமைதானே முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு ஒரு அலுவல்” என்றபடி நொயல் தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கினார்.

அப்போது ஒரு இளம் தாய் தோளில் குழந்தையோடு வந்து இரண்டு பணிஸ் கேட்டாள். நொயல் அவற்றைக் கடதாசியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் காதுகளை மடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி முடிந்து கொடுத்தார். அவள் பூங்காவின் மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி, மறுகையின் இரண்டு விரலால் பையின் ஒரு நுனியை இழுத்தாள். முடிச்சு தண்ணீர்போலக் கரைந்து திறந்தது.

பற்றிமா அசையாமல் நின்றாள்.

பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய ஞாயிறுகள் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. அவளுடைய தம்பி டெனிஸ் படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தான். கணவருக்கு ஞாயிறும் வேலை. பற்றிமா கைக்குழந்தை டிலக்சியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, நடந்து, வரிசையில் நின்று, தம்பியைப் பார்த்துவிட்டு வெளியே வருவாள். காலையில் இருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வரும்.

வீதியோரத்தில் காகிதம்போல் பட்டை உரியும் ஒரு மரம் நின்றது. அதன் தாழ்ந்த கிளையில், ஞாயிறு தவறாமல், வெள்ளைப் பைகள் தொங்கும். காற்று அடித்தால் மெல்ல ஆடும். மரம் காய்த்திருப்பது போல் இருக்கும். முகாமில் ஆட்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு என்று யாரோ மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஈரானியப் பெண்ணும் எடுப்பாள், ஆப்கானியக் கிழவரும் எடுப்பார். பைக்குள் இரண்டு மாலுபணிஸ், ஒரு வாழைப்பழம். குழந்தையைக் கீழே வைக்காமலே ஒரு கையால் முடிச்சை அவிழ்த்துவிடலாம். யாரோ தன்னைப்போல ஒருத்தியை நினைத்துத்தான் இதை இப்படி முடிந்திருக்கிறார்கள் என்று பற்றிமா முதல் நாளே எண்ணினாள். மரத்தடியில் நின்று சாப்பிட்டாள். அழுதாள். பிறகு மழை நாளிலும் அந்தக் கிளை வெறுமையாக இருந்ததில்லை.

டெனிஸ் இப்போது மெல்பேணில் எலக்ட்ரீசியன். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

“நல்லா முடியிறியள்” என்றாள் பற்றிமா, வண்டிக்குக் கிட்டப் போய். “நானும் மன்னார்தான். எண்டாலும் இதைக் கண்டதில்லை.”

“மன்னாரில எவடம்?”

“டவுண். அப்பா அரசாங்கக் கச்சேரியில கிளாக்கர்.”

“அப்ப நீங்கள் கடலைப் பாத்த ஆக்கள், இறங்கின ஆக்கள் இல்லை” என்று நொயல் சிரித்தார். “இது தோணியில போடுற முடிச்சு பிள்ளை. பேசாலையில சின்னப் பிள்ளையும் போடும்.”

வில்லாவுட் மரத்தில் பைகளை மாட்டியது நீங்களா என்று கேட்க வாயெடுத்தாள். மேயர் பக்கத்தில் நிற்கிறார். விண்ணப்பகாரரிடம் இந்த இடத்தில் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. இன்னொன்றும் இருந்தது. எங்கள் ஆட்கள் நேர்த்திக்கடனாகச் செய்வதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் அதன் பலன் போய்விடும் என்று நம்புவார்கள். கேட்டால் அந்த மனிதர் பொய் சொல்ல வேண்டிவரும். ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்ல வைப்பது நன்றாயிராது.

அன்றிரவு கனவில் சபை மண்டபத்தின் நடுவே அந்த மரம் நின்றது. கவுன்சிலர்களின் தலைக்கு மேல் வெள்ளைப் பைகள் ஆடின. மேயர் வாக்கெடுப்பு என்றார். பற்றிமா கையைத் தூக்கினாள். தூக்கிய கை நேரே ஒரு பையில் போய்ப் பட்டது. மேசைக்குக் கீழே இருந்து விமலாதேவி, “பிள்ளை, இன்னும் நிப்பாட்டேல்லையோ?” என்று கேட்டார்.

விடிந்ததும் டெனிஸுக்கு போன் எடுத்துச் சொன்னாள்.

“அக்கா, அவரெண்டால் நீ ரெண்டு கையையும் தூக்கோணும்” என்றான் அவன். “தூக்காட்டி நீ மனுசியே இல்லை.”

திங்கட்கிழமை நகரசபையின் அதிகாரி ஒருவரிடம் விதியைக் கேட்டாள். உறவில்லை, பணமில்லை, ஆளே நிச்சயமில்லை என்றால் வெளியே போகக் கட்டாயம் எதுவும் இல்லை என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, உங்கள் மனதுக்குள் இருப்பது முழுவதும் தெரிந்த ஒருவர் வெளியே நின்று பார்த்தால் என்ன நினைப்பார் என்று கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். முழுவதும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்தானே என்று பற்றிமா நினைத்தாள்.

வெளியே போகப்போவதாக அவள் காரணத்தோடு போனில் சொன்னதும், விவேக் அவளைத் தேடிக்கொண்டு, அவள் பத்திரிகை பார்க்கப் போயிருந்த நூல்நிலையத்துக்கே வந்துவிட்டான்.

“அக்கா, என்ன இது? கணக்குப் போட்டுப் பாத்தீங்களா? நீங்க இருந்தா நாம அஞ்சு, அவங்க நாலு. நீங்க வெளிய போனா நாலுக்கு நாலு. சமமா வந்தா மேயருக்கு ரெண்டாவது ஓட்டு இருக்கு. வண்டி காலி.”

“தெரியும்.”

“சாப்பிட்டதுக்கெல்லாம் வெளிய போகணும்னா நம்ம ஆளுங்க யாரும் எந்தக் கூட்டத்துலயும் உக்காரவே முடியாது. எல்லா வீட்லயும் சாப்பிட்டிருக்கோம்.”

“இது அப்பிடியில்லை.”

“அந்த முடிச்ச ஊரே போடும்னு அவரே சொல்றாரு. அவருதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“முடிவு பண்ணேல்லை. அதுதான் சொல்லுறன், அவரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனா என்ர மனம் அவரெண்டு முடிவு கட்டிப்போட்டுது. முந்தாநாள் வரைக்கும் என்னால ரெண்டு பக்கமும் கேக்க ஏலுமா இருந்துது. இப்ப மகேந்திரராஜா அங்கிள் பேசினா, எப்ப முடிப்பார் எண்டுதான் பாத்துக்கொண்டு இருப்பன். உள்ள இருந்தும் கேக்காமல் இருக்கிறதுக்கு நான் ஏன் உள்ள இருப்பான்?”

விவேக் மேசையில் விரலால் தட்டினான். “அந்தப் பெரியவருக்குப் பேசச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கதான்.”

“ஓம்.”

“நன்றிக்கடன்னு ஒண்ணு இருக்குக்கா.”

“இருக்கு. என்ர கடனை நான் ஊருடைய கையால கட்டேலாது தம்பி.”

அவன் எழுந்தான். “நீங்க நல்லவங்க. ஆனா வண்டி போச்சு” என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் திறந்து வைத்த பத்திரிகையில் ஒரு வரியும் ஓடவில்லை.

கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை. கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடைநேரம் தொடங்கிவிட்டதால் வெளியே இன்னும் வெயில். பார்வையாளர் வரிசையில் ஒரு முனையில் நொயல், மறுமுனையில் மகேந்திரராஜா. நொயல் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். விஷயம் அறிவிக்கப்பட்டதும் பற்றிமா எழுந்தாள்.

முன்னொரு காலத்தில் தான் கஷ்டத்தில் இருந்தபோது கிடைத்த ஓர் உதவி இந்த விண்ணப்பகாரரிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்று தான் நம்புவதாகவும், அந்த நன்றி தன் மனதில் இருப்பதால் இதைத் திறந்த மனதோடு கேட்கத் தன்னால் முடியாது என்றும், அதனால் வெளியே போவதாகவும் ஆங்கிலத்தில் சொன்னாள். நொயல் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. அவள் கதவைத் திறந்து போய் அதைப் பின்னால் சாத்தினாள்.

மண்டபத்துக்கு வெளியே, அறைகளுக்கு நடுவே போகும் ஓடை நீளமாக இருந்தது. அதன் முடிவில் பெரிய கண்ணாடி. வெளியே புல்லில் இளஞ்சிவப்பு நெஞ்சுக் கிளிகளான காலாக்கள் பறந்து வந்து இறங்கி, எதையோ கிளறி, மறுபடி எழுந்தன. உள்ளே பேசுவது எதுவும் கேட்கவில்லை. பற்றிமா செபமாலையை எடுத்தாள். எந்தப் பக்கத்துக்காக வேண்டுவது என்று தெரியவில்லை. நொயல் என்று தொடங்கினால் மேசைக்குக் கீழே இருக்கும் முகம் வந்தது. விமலாதேவி என்று தொடங்கினால் கிளையில் ஆடும் பைகள் வந்தன. கடைசியில் ஒன்றும் கேட்காமல் மணிகளை மட்டும் உருட்டினாள்.

வெயில் சுவரில் ஏறிக்கொண்டு போனது. அந்தப் பழைய கேள்வி அவளிடம் வந்து அமர்ந்தது. அவர் எங்கே போய் நிற்பார்? இப்படி ஓர் ஓடையில்தானோ? எல்லோரையும் தெரிந்ததனால், எல்லோருக்காகவும் வெளியே வந்து நிற்கிறாரோ? அவளுக்குப் பக்கத்தில் கதிரைகள் வரிசையாகக் காலியாக இருந்தன. எனினும் தனியாக நிற்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை.

கதவு திறந்தது. அதிகாரி தலையசைத்தார். அவள் போய்த் தன் இருக்கையில் அமர்ந்தாள். அனுமதி ஒரு வருஷத்துக்கு, ஒரு நிபந்தனையோடு வழங்கப்பட்டது என்று மேயர் ஒரே வசனத்தில் சொல்லி, அடுத்த விஷயத்துக்குப் போனார். பார்வையாளர் வரிசையின் இரு முனைகளும் காலியாக இருந்தன.

கார் தரிப்பிடத்தில் விவேக் எல்லாவற்றையும் சொன்னான்.

“பெரியவர் எழுதிட்டு வந்த பேப்பர மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டாருக்கா. என் மனைவிக்கு அந்தச் சத்தம் துப்பாக்கிச் சத்தம்னாரு. ஒவ்வொரு நாளும் அவ என்னைக் காப்பாத்துறதுக்காக மேசைக்கு அடியில கூட்டிட்டுப் போறான்னாரு. அவ்வளவுதான். அப்புறம் நம்ம நொயல் அங்கிள் எந்திரிச்சாரு. மேயரப் பாக்கவே இல்ல. நேரா பெரியவரப் பாத்து, ‘எனக்குத் தெரியாது அண்ணை, நான் இனிக் கொத்துப் போடேல்லை’ன்னு தமிழ்லயே சொல்லிட்டாரு. மேயர் என்னப் பாக்குறாங்க. நான்தான் எடுத்துச் சொன்னேன்.”

“மேயர்?”

“அவங்களேதான் முன்மொழிஞ்சாங்க. கொத்து இல்லாம, தேத்தண்ணி, பணிஸ், இடியாப்பம். எட்டு பேரும் கை தூக்கினோம்.”

பற்றிமா காரில் சாய்ந்துகொண்டாள்.

“ஆனா ஒண்ணு” என்றான் விவேக். “கொத்துலதான் அவருக்குப் பாதிக்கு மேல வரும்படி. நீங்க உள்ள இருந்திருந்தா அஞ்சுக்கு நாலுல கொத்தோடயே பாஸ் ஆகியிருக்கும்.”

“அந்த அன்ரியும் மேசைக்குக் கீழேயே இருந்திருப்பா.”

“ஆமா” என்றான் அவன். பிறகு சிரித்தான். “வெளிய வர்றப்போ அங்கிள் எங்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? ‘அந்தப் பிள்ளை ஆரையோ நினைச்சு மாறிச் சொல்லிப்போட்டுது போல, நான் ஆருக்கும் ஒண்டும் செய்யேல்லையே’ன்னாரு. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி இருமுறாரு.”

சில வாரங்கள் போயின. பற்றிமா வேலையால் வரும்போது பூங்காவைக் கடந்துதான் வருவாள். வரிசை சிறுத்திருந்தது. எதிர்வீட்டில் திரைச்சீலை திறந்து கிடந்தது. ஒருநாள் வண்டிக்குப் பக்கத்தில் மகேந்திரராஜாவும் விமலாதேவியும் ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிப்பதைக் கண்டாள். விமலாதேவி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெள்ளைக் கொக்கட்டுக் கிளிகள் கத்திக்கொண்டு போனதை அண்ணாந்து பார்த்தார்.

பற்றிமா காரை மெதுவாக்கினாள். அப்போதுதான் பலகை கண்ணில் பட்டது. ‘ஞாயிறு பூட்டு’ என்ற வரி அழிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் புதிய சோக்கில் ‘ஞாயிறும் உண்டு’ என்று எழுதியிருந்தது.

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடிக்கும்வரை அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஞாயிறுகளில் அந்தக் கிளைக்கு யார் போவார்கள்?

அந்த வாரம் முழுவதும் அவள் வீட்டில் பிளாஸ்டிக் பைகளை முடிந்து முடிந்து பார்த்தாள். கதிரைக் காலிலும் கதவுப் பிடியிலும் பைகள் தொங்கின. சில முடிச்சுகள் இறுகிக் கத்தரிக்கோல் கேட்டன. சில, விட்டவுடனே விழுந்தன.

“என்னம்மா செய்யிறீங்கள்?” என்றாள் டிலக்சி. இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பாதிக் கேள்விக்கு மேல் தமிழில் கேட்பதில்லை. “ஆர் யூ ஓகே?”

“இதை ஒரு கையால அவிழ் பாப்பம்.”

டிலக்சி போனைக் காதில் வைத்தபடியே மறுகையால் நுனியை இழுத்தாள். பை திறந்துகொண்டது. “ஈசி” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். தான் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த முடிச்சைத் தாயின் தோளில் இருந்து பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. பற்றிமா சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் மாவைப் பிசைந்து வைத்து, ரின்னில் அடைத்த மீனும் உருளைக்கிழங்கும் மிளகுமாகக் கறி வைத்தாள். ஞாயிறு முதல் பூசைக்குப் போய்வந்து, பணிசை ஓவன் அடுப்பில் வைத்து எடுத்தாள். ஃபாதருக்கென்று கணவர் ஒன்று கேட்டார், சிரித்துக்கொண்டே கொடுத்தாள். மிச்சத்தை வாழைப்பழங்களோடு காரில் ஏற்றி, ஒரு அலுவல் இருக்கிறது, போட்டு வாறன் என்றாள்.

வில்லாவுட்டில் அந்த வீதி மாறவில்லை. மரம் பெருத்திருந்தது. அதன் பட்டைகள் பழைய காகிதம்போல் மடல் மடலாக உரிந்து கிடந்தன. தாழ்ந்த கிளை வெறுமையாக இருந்தது. அவள் கிட்டப்போய்ப் பார்த்தாள். கிளையின் மேற்புறத்தில், வரிசையாக, பட்டை தேய்ந்து வழவழப்பான இடங்கள் இருந்தன. எத்தனையோ வருஷமாகப் பைகள் தொங்கிய இடங்கள். சில இன்னும் புதிதாகத் தேய்ந்தவை. ஒன்றை விரலால் தடவினாள்.

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வீதியில் யாருமில்லை. பற்றிமா முதல் பையை எடுத்து, காதுகளை மடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றி முடிந்து, தேய்ந்த இடம் ஒன்றில் மாட்டினாள். நுனியை இழுத்துப் பார்த்தாள், திறந்தது. மறுபடி முடிந்தாள். அடுத்ததை அடுத்த இடத்தில் மாட்டினாள். காற்று வந்து பைகளை மெல்ல ஆட்டியது.

தூரத்தில் முகாமின் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அவள் காரில் ஏறி, திரும்பிப் பாராமல், வீதி முனையில் வளைந்து போனாள்.